ஹாம்லெட்டின் தயக்கம்

தந்தையைக் கொன்றவன் கண்முன் இருக்கிறான். பழி தீர்க்குமாறு தந்தையின் ஆவியே ஆணையிட்டுவிட்டது. ஆயினும் டென்மார்க் இளவரசன் ஹாம்லெட் காலந்தாழ்த்துகிறான். ஏன்? ஷேக்ஸ்பியர் ஏறத்தாழ 1600இல் இயற்றிய இந்நாடகத்தைக் கற்போர் நெடுங்காலமாக எழுப்பிவரும் வினா இது.

தாங்கொணாச் சுமை மென்மையான உள்ளத்தின்மீது ஏற்றப்பட்டதே காரணம் என்றார் ஜெர்மானியக் கவிஞர் கதே. சிந்தனை மிகுந்தமையால் செயல் குன்றியது என்றார் ஆங்கிலக் கவிஞர் கோலரிட்ஜ். இத்தகைய விடைகள் வியன்னா நகர மருத்துவர் சிக்மண்ட் பிராய்டுக்கு நிறைவு தரவில்லை. திரைக்குப் பின்னே ஒளிந்திருந்த பொலோனியசை நொடிப்பொழுதில் குத்திக் கொன்றவன் ஹாம்லெட். தன்னுடன் இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்ட இருவரைச் சாவுக்கு உள்ளாக்கியவனும் அவனே. செயலாற்ற இயலாதவன் அல்லன் அவன். இந்த ஒரு செயலே அவனுக்கு அரிதாயிற்று.

1900 என்னும் ஆண்டினைத் தாங்கி, 1899 இறுதியிலேயே வெளிவந்த 'கனவுகளின் விளக்கம்' என்னும் நூலில் பிராய்டு தம் விடையைத் தந்தார். ஆண் குழந்தை தாயின் அன்பு முழுவதையும் விழைந்து, தந்தையைப் போட்டியாளராக எண்ணும். அவ்வெண்ணம் பின்னர் நனவிலி உள்ளத்தில் புதைந்துவிடும் என்பது அவர் கொள்கை. ஹாம்லெட்டின் சிற்றப்பனோ அண்ணனைக் கொன்று அண்ணியை மணந்தவன். தன்னுள் புதைந்த விழைவைச் செய்துமுடித்தவனை ஹாம்லெட் எவ்வாறு ஒறுப்பான்? அது தன்னையே ஒறுப்பது போலன்றோ! இக்கருத்தை எர்னஸ்ட் ஜோன்ஸ் 1910இல் கட்டுரையாகவும் 1949இல் நூலாகவும் விரித்துரைத்தார்.

பிராய்டு வேறொரு சான்றும் காட்டினார். ஷேக்ஸ்பியரின் தந்தை 1601இல் மறைந்தார்; அத்துயரில் பிறந்ததே இந்நாடகம் என்றார். ஆனால் ஸ்ட்ராட்போர்டில் பிறந்த ஷேக்ஸ்பியர் இந்நாடகங்களை எழுதியவர் அல்லர் என்று பிற்காலத்தில் அவரே கருதலானார். 1930ஆம் ஆண்டுப் பதிப்பில் அதனை அடிக்குறிப்பாகவும் சேர்த்தார். இவ்வையத்தை இலக்கிய வரலாற்று அறிஞருள் பெரும்பாலோர் ஏற்பதில்லை. எனினும் அவர் கூற்றின்படியே பார்த்தால், 1601 என்னும் சான்று என்னவாயிற்று?

இன்னொன்றும் எண்ணத்தக்கது. பிராய்டின் தந்தை 1896இல் இறந்தார். மறு ஆண்டு அக்டோபரில் நண்பர் ஒருவருக்கு வரைந்த மடலிலேயே ஹாம்லெட்டைப் பற்றிய இக்கருத்தை அவர் குறித்தார். கவிஞரின் துயரைத் தேடியவர் தம் துயரையே கண்டனரோ என்று ஐயுற இடமுண்டு.

மாணவ நண்பர்களே! மருத்துவர் வினவினால் நோயாளி மறுமொழி கூறுவான். ஹாம்லெட் அவ்வாறு கூறான். நாடகம் நவிலும் சில சொற்களுக்கு அப்பால் அவனுக்குக் குழந்தைப் பருவமே இல்லை. ஆதலின் இங்கு உளவியல் தீர்ப்புக் கூற இயலாது. நல்ல வினாக்களை எழுப்ப இயலும். பொலோனியசைக் கொன்ற கை சிற்றப்பன்முன் ஏன் தயங்கியது என்னும் வினா நூலுள்ளிருந்து எழுந்தது. அது இன்றும் நிற்கிறது. கவிஞரின் வாழ்க்கையிலிருந்து கொணர்ந்த சான்றோ, கொணர்ந்தவர் கையிலேயே தளர்ந்தது. எக்கொள்கையைக் கைக்கொண்டு இலக்கியத்துள் புகுந்தாலும், இறுதியில் நூலிடமே திரும்பி வந்து அதன் சொல்லைக் கேட்பதே கற்பார் கடன்.