கணக்கில் வராத ஆடுகள்

சேலத்திலிருந்து தர்மபுரிக்கு பஸ்ஸில் போகிறவர்கள் தொப்பூர் வந்ததும் சற்று நிமிர்ந்து உட்காருவார்கள். இரு பக்கமும் மலைகள் நெருங்கி வரும். பாரம் ஏற்றிய லாரிகள் பிரேக்கை மிதித்து முனகிக்கொண்டே எதிரே இறங்கி வரும். இந்தக் கணவாயில் விபத்துக்கள் அதிகம் என்பது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. ஆனால் ஒரு காலத்தில் இது ஒரு சின்ன நாட்டின் வாசற்படியாக இருந்தது என்பதை எத்தனை பேர் நினைத்துப் பார்க்கிறோம்?

அந்த நாட்டுக்குப் பாரமகால் என்று பெயர். பன்னிரண்டு கோட்டைகள் இருந்ததால் வந்த பெயர் என்று சொல்வார்கள். இன்றைய தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துச் சீமை அது. 1790 நவம்பரில் திப்பு சுல்தான், பின்னால் துரத்தி வந்த கும்பினிப் படைக்குப் போக்குக் காட்டிவிட்டு, இந்தத் தொப்பூர்க் கணவாய் வழியாகத்தான் தெற்கே இறங்கினார். பதினாறு மாதம் கழித்து, 1792 மார்ச்சில், ஸ்ரீரங்கப்பட்டணத்து உடன்படிக்கையில் பாதி ராஜ்யத்தை இழந்தார். பாரமகால் கும்பினியின் கைக்கு வந்தது.

நாடு கைக்கு வந்ததே தவிர, அதைப் பற்றிக் கும்பினிக்கு என்ன தெரியும்? யார் உழுகிறான், யார் நெய்கிறான், எந்த ஏரியில் தண்ணீர் நிற்கும், எந்த ஜாதியில் எப்படிக் கல்யாணம் செய்கிறார்கள்? ஒன்றும் தெரியாது. அலெக்ஸாண்டர் ரீட் என்ற காப்டனை அதிகாரியாக நியமித்து, மன்றோ, மக்லௌட், கிரஹாம் என்று மூன்று இளம் ராணுவ உத்தியோகஸ்தர்களை அவருக்கு உதவியாகக் கொடுத்தார்கள். ரீட் அதற்கு முன்பு படைக்கு உளவு சேகரித்தவர். அவரிடம் ஒரு நாட்டை ஒப்படைத்தால் என்ன செய்வார்? கேள்வி கேட்க ஆரம்பித்தார்.

நிலத்தைச் சங்கிலி போட்டு அளந்தார்கள். வீடுகளை எண்ணினார்கள். மண், பயிர், தொழில், வியாபாரம், ஜனங்களின் பழக்க வழக்கங்கள் எல்லாவற்றையும் விசாரித்து எழுதி வைத்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை சர்க்கார் அச்சகம் இவற்றைப் 'பாரமகால் ரிகார்டுகள்' என்று பல பகுதிகளாக அச்சிட்டது. அதில் குடிமக்களைப் பற்றியே ஒரு தனிப் பகுதி உண்டு. சமூக ஆராய்ச்சி என்று இன்று பல்கலைக்கழகங்களில் தனித் துறையாக நடக்கும் காரியத்தை, அந்தப் பெயர் பிறப்பதற்கு முன்பே, தர்மபுரியில் கூடாரம் அடித்துச் செய்துவிட்டார்கள்.

ஆனால் வாசகர்கள் ஒன்றை மறந்துவிடக் கூடாது. கேட்டவர்கள் பண்டிதர்கள் அல்ல. வரி வாங்க வந்தவர்கள். பதில் சொன்னவனுக்கும் அது தெரியும்.

இந்த இடத்தில் என் அம்மாயியைப் பற்றிச் சொல்ல வேண்டும். தொப்பூருக்குப் பக்கத்தில், மலையடிவாரத்தில் அவளுடைய ஊர். எனக்குப் பத்து வயதிருக்கும். கால்நடைக் கணக்கெடுக்க ஒருவர் நோட்டுப் புத்தகத்தோடு வந்தார். எத்தனை ஆடு என்று கேட்டார்.

"ஆறு உருப்படிங்க, சார்" என்றாள் அம்மாயி.

"ஒன்பது இருக்குதே அம்மாயி!" என்று நான் கெட்டிக்காரத்தனமாகச் சொன்னேன். தொடையில் ஒரு கிள்ளு விழுந்தது.

"சும்மா இருடா கண்ணு. எழுதிக்கிட்டுப் போறவங்க சும்மாவா எழுதறாங்க?" என்று காதோடு சொன்னாள்.

அவருக்குக் கேட்டதோ என்னவோ, ஆறு என்றே எழுதிக்கொண்டார். ரீட் துரையின் அட்டவணைகளைப் புரட்டும்போதெல்லாம் எனக்கு அந்தக் கிள்ளு ஞாபகம் வருகிறது. எத்தனை பேர் விளைச்சலைக் குறைத்துச் சொல்லியிருப்பார்கள்!

மன்றோவுக்கு இது புரிந்திருக்க வேண்டும். தாமஸ் மன்றோ ஏழு வருஷம் பாரமகாலில் இருந்தார். தர்மபுரியில் ஒரு தோட்டம் போட்டார். 1799-ல் கன்னடக் கரைக்கு மாற்றியபோது, அந்தத் தோட்டத்தை விட்டுப் போக மனமில்லாமல் போனார். ஊர் ஊராகச் சென்று குடியானவர்களோடு பேசியவர் அவர். பிற்பாடு 1807-ல், வேறு ஜில்லாக்களில் அதிகாரியாக இருந்தபோது, நிலவரியில் கால் பங்கைக் குறைக்க வேண்டும் என்று எழுதினார். மேலிடத்தில் அதை உடனே ஏற்கவில்லை. என்றாலும், வரி வாங்க வந்தவரையே வரியைக் குறைக்கச் சொல்லி எழுதவைத்தது எது? வெறும் அட்டவணை அல்ல என்றே நினைக்கிறேன்.

இலங்கையில் இதற்கு நேர்மாறான ஒரு கதை உண்டு. 1660-ல் ராபர்ட் நாக்ஸ் என்ற ஆங்கிலேய வாலிபன் கொட்டியாரத்துக் கரையில் இறங்கி, கண்டி ராஜாவின் கைதியானான். பத்தொன்பது வருஷம் அந்தச் சின்ன ராஜ்யத்துக் கிராமங்களில் வாழ்ந்தான். தொப்பி பின்னி விற்றான்; நெல்லைக் கடன் கொடுத்துப் பிழைத்தான். 1679-ல் தப்பி, ஊர் திரும்பும் கப்பலில் உட்கார்ந்து நினைவிலிருந்து எழுதினான். 1681-ல் லண்டனில் புத்தகம் வந்தது. கண்டிச் சமூகத்தை ஆராய்கிறவர்கள் இன்றும் அதைத் தேடிப் படிக்கிறார்கள். கையில் அதிகாரம் இல்லாதவன் அவன். அவனுக்குப் பயந்து ஆட்டை ஒளிக்க யாருக்கும் அவசியம் இருக்கவில்லை.

மறுபடியும் அம்மாயியின் திண்ணைக்கு வருகிறேன். வந்தவர் நோட்டை மூடிப் பையில் வைத்துவிட்டு, ஒரு டம்ளர் மோர் கேட்டார். குடித்துக்கொண்டே, "ஆடு வளர்த்துக் கட்டுப்படியாகுதாம்மா?" என்றார். அப்போதுதான் அம்மாயி சொன்னாள். ஒரு பஞ்ச வருஷத்தில் இருந்த ஆட்டையெல்லாம் வந்த விலைக்கு விற்றுவிட்டு, கல் உடைக்கிற வேலைக்காகக் கணவாய் வழியே சேலத்துப் பக்கம் நடந்தே போனாளாம். போகும்போது இரண்டு குழந்தைகள். திரும்பும்போது ஒன்று. அந்த ஒன்றுதான் என் அம்மா.

அவர் டம்ளரைக் கையில் வைத்தபடியே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். எதையும் எழுதவில்லை. எழுத அந்தப் படிவத்தில் கட்டமும் இருந்திருக்காது.

எனக்கு அதுவரை அந்தச் செய்தி தெரியாது. இறந்துபோன குழந்தையின் பெயர் என்ன என்று அன்று கேட்கத் தோன்றவில்லை. தோன்றிய காலத்தில் அம்மாயி இல்லை. அம்மாவுக்கோ அப்போது அறியாத வயசு.

இருநூறு வருஷத்துக்கு முந்திய பாரமகாலைப் பற்றித் தெரிந்துகொள்ள எனக்கு அச்சிட்ட புத்தகங்கள் இருக்கின்றன. என் அம்மாவோடு பிறந்த பிள்ளையின் பெயரைத் தெரிந்துகொள்ளத்தான் வழியில்லை. இப்போதெல்லாம் தொப்பூரில் பஸ் ஏறும்போது, பக்கத்தில் வயதானவர்கள் யாராவது இருந்தால், நானாகப் பேச்சுக் கொடுக்கிறேன். நோட்டுப் புத்தகத்தை மட்டும் வெளியே எடுப்பதில்லை.