கிடைத்த வாக்கும் காத்திருந்த பெண்களும்

எமது பழைய மாணவியர் சங்கத்தின் முதற் கூட்டத்தில் அமர்ந்திருந்த எவருக்கும் வாக்குரிமை இருக்கவில்லை. ஆசிரியைகள், மருத்துவத்துறைக்குச் சென்றவர்கள், ஆங்கிலத்திலும் தமிழிலும் மேடையேறிப் பேசக்கூடியவர்கள் எல்லோரும் இருந்தனர். ஆயினும் சட்டசபைக்கு வாக்களிக்கும் உரிமை அன்று சொத்து, வருமானம், கல்வித் தகைமை உடைய ஆண்களுக்கே உரியது.

1927இல் டொனமூர் ஆணைக்குழு இலங்கைக்கு வந்தபோது, கொழும்பில் பெண்கள் வாக்குரிமைச் சங்கம் உருவாயிற்று. அக்னஸ் டி சில்வா முதலானோர் ஆணைக்குழுவின் முன் சாட்சியமளித்தனர். தோட்டங்களில் வேலை செய்யும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்கு வேண்டுமா என்று கேட்கப்பட்டபோது, அவர்களும் பெண்கள்தானே என்ற பொருள்பட அவர் பதிலளித்தார். அதே வேளையில், மருதனார்மடத்தில் பெண்களுக்கென 1913இல் கல்லூரி நிறுவிய சேர் பொன்னம்பலம் இராமநாதன் பெண்களின் வாக்குரிமையை எதிர்த்தார். பெண்ணைப் படிக்க வைக்கலாம், வாக்களிக்க விடக்கூடாது என்ற இந்த நிலைப்பாடு அன்றைய பெரியோர் பலருக்கு முரண்பாடாகத் தோன்றவேயில்லை. ஆணைக்குழுவும் முதலில் பெண்களுக்கு முப்பது வயதையே விதந்துரைத்தது. பின்னரே ஆண், பெண் இருபாலாருக்கும் 21 வயது என ஆயிற்று.

1931இல் சர்வசன வாக்குரிமையின் கீழ் முதற் தேர்தல் நடந்தது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் மட்டும் நடக்கவில்லை! முழுமையான சுயராச்சியம் தரப்படவில்லை என்பதற்காக யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் பகிஷ்கரிப்புக்கு அழைப்பு விடுத்தது. யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, ஊர்காவற்றுறை, பருத்தித்துறை ஆகிய நான்கு தொகுதிகளிலும் எவரும் நியமனப் பத்திரம் தாக்கல் செய்யவில்லை. 1934வரை அந்த ஆசனங்கள் வெறுமையாகவே கிடந்தன. இலட்சியம் பெரியதுதான். அதன் விலையில் ஒரு பங்கை, ஒருமுறையேனும் வாக்களித்திராத பெண்கள் கொடுத்தனர். இந்த இடைவெளியில், 1932இல், கொழும்பு வடக்கு இடைத்தேர்தலில் நேசம் சரவணமுத்து வென்று அரசாங்க சபைக்குச் சென்றார். முதற் தமிழ்ப் பெண் பிரதிநிதி வடக்கிலிருந்து செல்லவில்லை என்பது நாம் அதிகம் பேசாத விடயம்.

பின்வந்த பத்தாண்டுகளில் எம் பெண்கள் வாக்குச்சாவடிக்கும், 1961இல் கச்சேரி வாசலில் நடந்த சத்தியாக்கிரகத்துக்கும் திரளாகச் சென்றனர். வேட்பாளர் பட்டியல் மட்டும் ஆண்களுடையதாகவே இருந்தது.

யுத்தம் இதனைப் புரட்டிப்போட்டது. இளைஞர்கள் கூட்டங்கூட்டமாகக் கைது செய்யப்பட்ட 1984இல், யாழ்ப்பாணத்தில் அன்னையர் முன்னணி தோன்றியது. அதுவரை கோயிலுக்கும் சந்தைக்கும் மட்டுமே வீதியில் இறங்கிய தாய்மார், கச்சேரிக்கு ஊர்வலமாகச் சென்று அரசாங்க அதிபரிடம் பிள்ளைகளைக் கேட்டனர். தாய் என்ற பெயரே அவர்களுக்குக் கவசமாயிற்று. பிரஜை என்று சொல்லிக் கேட்டிருந்தால் யார் வழிவிட்டிருப்பார்? ஆனால் துணிந்து பேசிய பெண்களை அந்தக் காலம் வாழவிடவில்லை. எல்லாத் தரப்பினரின் வன்முறையையும் எழுத்தில் பதிந்த யாழ். பல்கலைக்கழக உடற்கூற்றியல் விரிவுரையாளர் ராஜினி திராணகம 1989 செப்ரெம்பரில் சுட்டுக் கொல்லப்பட்டார். யாழ். மாநகரின் முதற் பெண் முதல்வர் சரோஜினி யோகேஸ்வரன், 1998இல் பதவியேற்ற சில மாதங்களிலேயே கொல்லப்பட்டார். அதன் பின்னர் எந்தத் தகப்பன் மகளைத் தேர்தலுக்கு அனுப்புவான்?

2013 வட மாகாண சபைத் தேர்தலில், கணவரைத் தேடிக்கொண்டிருந்த அனந்தி சசிதரனுக்கு 87,870 விருப்பு வாக்குகள் கிடைத்தன. 2018 பெப்ரவரி உள்ளூராட்சித் தேர்தலில் பெண்களுக்கு 25 வீத ஒதுக்கீடு முதன்முறையாக நடைமுறைக்கு வந்தது. எனினும் வட்டார வேட்பாளர்களில் பத்து வீதமும், மேலதிகப் பட்டியலில் பாதியும் பெண்களாயிருந்தாற் போதும் என்பதே விதி. அதனால் பெரும்பாலானோர் பட்டியல் வழியாகவே சபைக்குள் வந்தனர். பட்டியலிலிருந்து யார் செல்வது என்பதைக் கட்சிச் செயலாளரே தீர்மானிப்பார். ஊரார் வாக்களித்து அனுப்பிய உறுப்பினருக்குள்ள பலம் அவருக்கு எங்கிருந்து வரும்?

இக்கட்டுரைக்கு வேண்டிய எத்தனையோ தாள்கள் 1981இல் யாழ். நூலகத்தோடு எரிந்தன. 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில் வீட்டுப் பெட்டிகளும் போயின. 1934இல் முதன்முறை வாக்களித்த, அல்லது 1984இல் கச்சேரிக்கு நடந்த எம் பழைய மாணவியர் பற்றிய கடிதமோ படமோ உங்களிடம் இருந்தால், எந்த நாட்டில் இருந்தாலும் ஒரு பிரதியைச் சங்கச் செயலாளருக்கு அனுப்பி வையுங்கள். பின்புறத்தில் பெயர்களை எழுதிவிடுங்கள்.