சைக்கிள் டைனமோவும் குரூசோ சில்லும்

1990 ஜூனில் இலங்கையில் மீண்டும் போர் மூண்டபின் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் நின்றது. பற்றரிக்கும் தடை வந்தது. செய்தி கேளாமல் இருக்க முடியாத சனம் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்டது. சாதாரண டைனமோ தருவது 6 வோல்ட், 3 வாட். அதுவும் திசை மாறி மாறி ஓடும் மின்சாரம். றேடியோவுக்கோ ஒரே திசையில் ஓடுவது வேண்டும். இடையில் நாலு டயோடும் ஒரு கொண்டென்சரும் அதைச் சீராக்கிக் கொடுக்கும். குறைந்த மின்சாரத்தில் கருவியை ஓட்டும் கலை இந்த இடைநிலையில்தான் இருக்கிறது என்பேன். 2000 ஜனவரியில் அமெரிக்காவின் டிரான்ஸ்மெட்டா நிறுவனம் வெளியிட்ட குரூசோ என்ற கணினிச் சில்லும் அப்படித்தான். மின்சாரத்தை மிச்சப்படுத்த, இன்டெல் வகைக் கட்டளைகளைப் பிரித்தறியும் சிக்கலான சுற்றுகளை வன்பொருளிலிருந்து நீக்கி, அவற்றைச் சில்லின் சொந்தக் கட்டளைகளாக மொழிபெயர்க்கும் வேலையை மென்பொருளிடம் கொடுத்தார்கள். ஒருமுறை மொழிபெயர்த்ததை அந்த மென்பொருள் நினைவகத்தில் வைத்துத் திரும்பவும் எடுத்தாண்டது.

டயோடு எதையும் மொழிபெயர்ப்பதில்லையே, முற்றுகையின் அவலத்தை ஆய்வுகூடத்தோடு ஒப்பிடலாமா என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே, அந்த இருட்டை யாரும் விரும்பி ஏற்கவில்லை. ஆனால் மின்சாரத்தின் எல்லையை முதலில் ஏற்று, மற்றதை அதற்கேற்ப அமைத்த முறை இரண்டிலும் ஒன்றே. குரூசோ வேகத்தில் பின்தங்கிச் சந்தையில் தோற்றது உண்மைதான். ஆயினும் 2014இல் என்விடியா நிறுவனத்தின் டென்வர் சில்லு, மென்பொருளால் மொழிபெயர்த்துச் சேமித்து வைக்கும் வழிக்குத் திரும்பியது. டைனமோவில் றேடியோவை ஓடவைத்த அந்தக் கலையும் மறக்கப்படக் கூடாது; நம்மூர் றேடியோ திருத்துநர்களின் சுற்று வரைபடங்கள் உங்கள் வீட்டில் இருந்தால், எறிந்துவிடாமல் யாழ்ப்பாணப் பொது நூலகத்திடம் கொடுங்கள்.