மிளகு விளையும் மலையும் கரிம வேதியியல் வகுப்பும்

திண்டுக்கல் மாவட்டத்தில் தாழ்பழனி மலையின் சரிவில் இருக்கிறது ஆடலூர். காப்பியும் மிளகும் மலைவாழையும் ஆரஞ்சும் அதன் விளைச்சல். தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் வேதியியல் படித்துப் பட்டம் வாங்கியவர்கள் பலரும் இந்த மலைத்தோட்டங்களைக் கண்ணால் பார்க்காமலே தேர்வுத்தாளில் எழுதியிருக்கிறார்கள். ஆல்கலாய்டு பாடத்தில் கோனீன், பைப்பரின், நிக்கோட்டின் என்ற மூன்றும் தலைமுறைகளாக மாறாமல் வருபவை. பைப்பரின் என்பது மிளகின் காரம்தான். ஆல்கலிக் கரைசலோடு கொதிக்கவைத்தால் அது பைப்பரிக் அமிலமாகவும் பைப்பரிடினாகவும் பிரியும் என்று மாணவர் மனப்பாடமாக எழுதுகிறார். மிளகை இடித்து அந்த மஞ்சள் படிகத்தைப் பிரித்தெடுத்தவர் அவர்களில் மிகக் குறைவு. கரிம வேதியியல் நம் ஊரில் வளர்ந்தது செடிகொடிகளின் வழியாக. ஆசிரியரும் மாணவரும் ஒரு செடியைப் பிடுங்கிவந்து அதற்குள் என்ன இருக்கிறது என்று கேட்ட காலத்தில் அது உயிரோடு இருந்தது. இன்று அந்தப் பாடம் மனப்பாடச் சுமையாகிவிட்டதற்கு, கடினமான பாடம் என்பதைவிட, அந்தக் கேள்வி வகுப்பிலிருந்து வெளியேறிவிட்டதே பெரிய காரணம் என்பது என் கருத்து.

தமிழ்நாட்டு மலைகளில் கரிம வேதியியல் ஒருமுறை ஏறியும் மாணவர்களைச் சேராமல் போனதுண்டு. 1860இல் கிளெமெண்ட்ஸ் மார்க்கமின் முயற்சியால் தென் அமெரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட சிங்கோனா நீலகிரியில் வேரூன்றியது. மலேரியாவுக்கு மருந்தான குவினைன் அதன் பட்டையில் இருந்தது. எந்த மரத்தில் எவ்வளவு குவினைன், எந்த வயதில் பட்டையை உரிக்கலாம் என்று கண்டறிய, 1866இல் ஜான் பிராட்டன் என்ற வேதியியலாளரை அரசு உதகமண்டலத்துக்கு அனுப்பியது. 1874 வரை அவர் அங்கே ஆல்கலாய்டுகளைப் பிரித்து அளந்துகொண்டிருந்தார். அதே காலத்தில் சென்னை மாகாண அரசு ஒரு குழுவை அமைத்து, குவினைனோடு அதன் உடன்பிறப்புகளான குவினிடின், சிங்கோனின், சிங்கோனிடின் ஆகியவற்றையும் காய்ச்சல்காரர்களுக்குக் கொடுத்து ஒப்பிட்டுப் பார்த்தது. அன்றைக்கு அது முன்னணி ஆய்வு. ஆனால் அந்தச் சோதனைச்சாலை மாணவர்களுக்காகக் கட்டியதல்ல. பட்டையின் விலைக்காகக் கட்டியது. பிராட்டன் போனதும் அவர் கைத்திறமையும் மலையிறங்கிப் போயிற்று. ஆகவே செடி அருகில் இருந்தால் மட்டும் போதாது. அதைச் சோதனைக்குழாயில் போட ஒரு வகுப்பும் வேண்டும்.

அந்த வகுப்பு சென்னை மாநிலக் கல்லூரியில் அமைந்தது. பி. பி. தே அங்கே கூமரின் சேர்மங்களை ஆராய்ந்தபடியே பாடமும் நடத்தினார். அவரிடம் பயின்று ஆய்வு தொடங்கியவர்களில் ஒருவர் குளித்தலையில் 1900இல் பிறந்த டி. ஆர். சேஷாத்ரி. மான்செஸ்டரில் ராபர்ட் ராபின்சனிடம் முனைவர் பட்டம் பெற்றுத் திரும்பிய அவர், 1930களில் ஆந்திரப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே அவர் எடுத்துக்கொண்ட பொருள் பருத்திப்பூ. எந்தக் காட்டிலும் இறைந்துகிடக்கும் அந்தப் பூவின் மஞ்சள் நிறமிகளைப் பிரித்து, அமைப்பை நிறுவி, ஃபிளேவனாய்டு வேதியியலில் உலகம் மதிக்கும் ஒரு பள்ளியை உருவாக்கினார். 1960இல் லண்டன் ராயல் சொசைட்டியின் ஃபெல்லோ ஆனார். அதே மாநிலக் கல்லூரி, அதே ராபின்சன் என்று வந்த இன்னொருவர் கே. வெங்கடராமன். லாகூரின் ஃபோர்மன் கிறித்தவக் கல்லூரியில் ஆசிரியராக இருந்தபோது, 1930களின் தொடக்கத்தில், தாவர நிறமிகளைச் செயற்கையாக உருவாக்க முயன்ற வழியில் அவர் கண்ட வினைதான் இன்று உலகப் பாடநூல்களில் பேக்கர்–வெங்கடராமன் மறுசீரமைப்பு என்று வருகிறது. நம் மாணவர்களும் அதை எழுதுகிறார்கள். அது ஒரு கல்லூரி ஆசிரியரின் மேசையில் பிறந்தது என்று அவர்களுக்குச் சொல்வார் இல்லை. பின்னர் 1950களில் மாநிலக் கல்லூரியிலேயே டி. ஆர். கோவிந்தாச்சாரி நஞ்சறுப்பானின் ஆல்கலாய்டுகளையும் மஞ்சள் கரிசலாங்கண்ணியின் வெடலோலாக்டோனையும் ஆராய்ந்தார். வேலியோரக் கொடிகளும் கீரைகளும்தான் இவர்களின் மூலப்பொருள்.

செடியை மீண்டும் வகுப்புக்குக் கொண்டுவரவேண்டும் என்பதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. செடியிலிருந்து பிரித்தெடுப்பது பழைய காலத்து வேலை. இன்றைய கரிம வேதியியல் வினைவழிமுறையில் நிற்கிறது. எலக்ட்ரான் எங்கிருந்து எங்கே போகிறது என்று அம்புக்குறி போடத் தெரிந்தவனுக்கு மிளகு எதற்கு என்று கேட்பார்கள். கேள்வி நியாயமாகத்தான் படும், அந்த அம்புக்குறியை முதலில் போட்டவர் யார் என்று பார்க்கும் வரை. வளைந்த அம்பால் எலக்ட்ரான் நகர்வைக் காட்டும் முறை 1922இல் கெர்மாக், ராபின்சன் இருவரின் கட்டுரையில் வந்தது. சேஷாத்ரிக்கும் வெங்கடராமனுக்கும் ஆசானாக இருந்தவர் இதே ராபின்சன். 1917இல் டிரோப்பினோனை எளிய மூன்று பொருள்களிலிருந்து ஒரே கலத்தில் உருவாக்கி, செடியும் இப்படித்தான் செய்கிறதோ என்று யோசித்தவரும் அவரே. 1947இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது தாவரப் பொருள்கள், குறிப்பாக ஆல்கலாய்டுகள் பற்றிய ஆய்வுக்காக. வினைவழிமுறையும் செடியும் எதிரெதிர்க் கட்சிகள் அல்ல. முன்னது பின்னதிலிருந்து எழுந்த கேள்விகளுக்கு விடையாக வளர்ந்தது.

இன்னொரு மறுப்பு நடைமுறை சார்ந்தது. ஒரே நேரத்தில் நாற்பது பேருக்குச் செய்முறை நடத்தவேண்டும், கரைப்பான் விலை ஏறிவிட்டது, குளோரோஃபார்ம் ஆபத்தானது, மதிப்பெண் போட எளிதான சோதனை வேண்டும். இந்தக் காரணங்களால்தான் இளநிலைச் செய்முறையின் பெரும்பகுதி, பெயர் தெரியாத ஒரு வெள்ளைப் பொடியைக் கொடுத்து சோடிய உருக்குச் சோதனையில் நைட்ரஜன் உண்டா, ஹாலஜன் உண்டா என்று கண்டுபிடிக்கச் சொல்வதாகச் சுருங்கியது. அந்தச் சோதனை லாசேன் 1843இல் தந்தது. கையைப் பழக்கும் என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்தப் பொடி எது என்று முந்தைய ஆண்டு மாணவர்கள் சொல்லிவிடுவார்கள் என்பது எல்லா ஆய்வகங்களுக்கும் தெரிந்த இரகசியம். பைப்பரினுக்கோ குளோரோஃபார்ம் வேண்டாம். மிளகுப்பொடியை எரிசாராயத்தில் கொதிக்கவைத்து வடிகட்டி, சுண்டவைத்து, சாராயத்தில் கரைத்த பொட்டாசியம் ஹைட்ராக்சைடு சேர்த்து, வண்டலை நீக்கி, நீர் விட்டு ஓரிரவு வைத்தால் மஞ்சள் ஊசிகள் இறங்கும். மிளகில் நூற்றுக்கு ஐந்து முதல் ஒன்பது பங்கு வரை அது இருப்பதால் கைப்பிடி மிளகே போதும். அந்த ஒரு பொருளில் அமைடு இருக்கிறது, ஒன்றுவிட்ட இரட்டைப் பிணைப்புகள் இருக்கின்றன, வடிவ மாற்றியம் இருக்கிறது, பல்லின வளையம் இருக்கிறது. ஆரஞ்சுத் தோலை வெறும் நீராவியால் வடித்தால் லிமோனீன் வரும். ஒளிசுழற்றும் தன்மையை அதைவிட மலிவாகக் காட்ட முடியாது. காப்பிக்கொட்டையின் கஃபீன் சுமார் 178 டிகிரியில் பதங்கமாகும். 1819இல் ருங்கே அதைப் பிரித்தார், நூற்றாண்டு முடியுமுன் எமில் ஃபிஷர் அதைத் தொகுத்துக் காட்டினார். மூன்றும் ஆடலூர்ச் சரிவில் கிடைப்பவை.

திண்டுக்கல் மாவட்டத்திலேயே காந்திகிராமத்தின் கிராமிய நிறுவனம் 1956 முதல் இருக்கிறது. தாண்டிக்குடியில் காப்பி ஆராய்ச்சி நிலையமும் தடியன்குடிசையில் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையமும் இயங்குகின்றன. விளைச்சலும் கல்லூரியும் ஒரே மாவட்டத்தில் இருந்தும் இரண்டையும் இணைப்பது பாடத்திட்டத்தின் கட்டாயமாக இல்லை. சில பாடத்திட்டங்களில் தேயிலையிலிருந்து கஃபீன் எடுப்பது ஒரு வரியாக உண்டு. தேர்வு மதிப்பெண் இல்லாத வரியை யாரும் செய்வதில்லை. இதைச் சரிசெய்யப் புதிய கட்டடம் வேண்டியதில்லை. பல்கலைக்கழகப் பாடத்திட்டக் குழுக்கள், சோடிய உருக்குச் சோதனைக்குக் கொடுக்கும் மதிப்பெண்ணில் பாதியையாவது, மாணவர் தம் ஊர் விளைபொருள் ஒன்றிலிருந்து ஒரு சேர்மத்தைப் பிரித்து, அதன் உருகுநிலையையோ கொதிநிலையையோ அளந்து காட்டுவதற்கு ஒதுக்கவேண்டும்.