கூட வாற ஆக்கள்: ஓப்பன் வேர்ல்ட் கேம்களில் துணைகளின் வரலாறு

லிடியா செத்தது எனக்குத் தெரியவே தெரியாது.

ஏ.எல். எழுதிப்போட்டு றிசல்ட்ஸுக்குக் காத்திருந்த காலம். பெரியம்மாவின் மகன், அண்ணா, அவருடைய பழைய கொம்பியூட்டரில் 'ஸ்கைரிம்' விளையாடிக்கொண்டிருந்தேன். அதில் ஒரு டிராகனைக் கொன்றதற்குப் பரிசாக வைட்ரன் நகரத்தின் தலைவன் உங்களுக்கு ஒரு மெய்க்காவலைத் தருவான். அவள்தான் லிடியா. போற இடமெல்லாம் வருவாள், சண்டை பிடிப்பாள், சாமான் சுமப்பாள். ஒருநாள் குகை ஒன்றை முடித்துவிட்டு ஊருக்கு வந்து, எடுத்ததை எல்லாம் கடையில் விற்கப் பார்க்கும்போதுதான் கவனித்தேன், பின்னால் ஆளில்லை. திரும்பிப் போனேன். குகையின் நடுவில் கிடந்தாள். உண்மையைச் சொன்னால், நான் திரும்பிப் போனது அவளுக்காக இல்லை. அவளிடம் கொடுத்து வைத்திருந்த கவசங்களுக்காக.

அண்ணாவிடம் சொன்னேன். "எதிரியள் அடிச்சா அவள் முழங்காலில இருந்திடுவாள், லேசில சாகமாட்டாள். நீதான்ரா கொண்டிருப்பாய்" என்றார். யோசித்துப் பார்த்தால் அதுதான் நடந்திருக்கும். அந்த கேமில் கூட வருபவர்களின் உயிர் பெரும்பாலும் போவது விளையாடுபவரின் கையால்தான். நான் கண்மண் தெரியாமல் எறிந்த நெருப்பில் அவளும் எரிந்திருப்பாள்.

ஒரு வருசம் கழித்து இன்னொரு கேமில் இன்னொரு துணை என்னை விட்டுப் போனான். அது இன்றைக்கும் மனதில் நிற்கிறது. ஒன்று ஏன் உறைக்கவில்லை, மற்றது ஏன் உறைத்தது? அந்தக் கேள்விக்குப் பின்னால் போனபோது கிடைத்தது கிட்டத்தட்ட ஐம்பது வருச வரலாறு.

1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னிசனும் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற விளையாட்டை வெளியிட்டார்கள். மேசை, பென்சில், பேப்பர், தாயக்கட்டைகள், அவ்வளவுதான். ஒருவர் கதையை நடத்துவார், மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக மாறுவார்கள். அங்கே துணை என்பது பக்கத்துக் கதிரையில் இருக்கிற உங்கட கூட்டாளிதான். நீங்கள் கிராமத்துக் கிழவரை ஏமாற்றினால், "டேய், இது சரியில்லை" என்பான். போன கிழமை செய்த முட்டாள்தனத்தை இந்தக் கிழமையும் சொல்லி நக்கலடிப்பான்.

இந்த விளையாட்டு கொம்பியூட்டருக்குள் வந்தபோது அரக்கர்கள் வந்தார்கள், வாள் வந்தது, குகை வந்தது. கூட்டாளி மட்டும் வரவில்லை. 1981இல் வந்த 'விசர்ட்ரி'யில் ஆறு பேர் கொண்ட குழுவை நடத்தலாம். ஆனால் அந்த ஆறு பேருக்கும் பெயர் வைப்பதே நீங்கள்தான். அவர்களுக்கு வாயும் இல்லை, வரலாறும் இல்லை. ஆறு பேரோடு போனாலும் நீங்கள் தனியாள்தான்.

இதை மாற்றிய ஆட்களில் முக்கியமானவர் ரிச்சர்ட் கேரியட். அவருடைய முந்தைய 'அல்டிமா' கேம்களில் வெல்வதற்காக ஆட்கள் களவெடுத்தார்கள், அப்பாவிகளைக் கொன்றார்கள். கேம் ஒன்றும் சொல்லவில்லை. விளையாடியவர்களிடமிருந்து வந்த கடிதங்களைப் பார்த்து அவருக்கே யோசனை வந்தது. 1985இல் வந்த 'அல்டிமா 4'இல் கடைசியில் கொல்ல வேண்டிய வில்லன் இல்லை. நேர்மை, கருணை, வீரம், நீதி, தியாகம், மானம், ஆன்மிகம், பணிவு என்ற எட்டுக் குணங்களில் நீங்கள் உயர வேண்டும், அதுதான் குவெஸ்ட். மூலிகை விற்பவருக்குக் கண் தெரியாது, காசை நீங்கள்தான் எண்ணிக் கொடுக்க வேண்டும். குறைத்துக் கொடுத்தால் அவர் ஒன்றும் சொல்லமாட்டார். ஆனால் கேம் உங்கள் நேர்மையில் சத்தமில்லாமல் வெட்டிவிடும்.

துணைகளும் இந்த எட்டுக் குணங்களிலிருந்தே வந்தார்கள். நீங்கள் ஒரு குணம், மற்ற ஏழுக்கும் ஏழு பேர், ஏழு ஊர்களில். தேடிப் போய்க் கதைத்துச் சேர்க்க வேண்டும். எல்லோரும் சேராமல் கடைசி அறைக்குள் போக முடியாது. துணையைத் தேடுவதே குவெஸ்ட்டின் ஒரு பகுதியாகிவிட்டது. ஒரு குறை, சேர்ந்த பிறகு அவர்கள் வாய் திறப்பதில்லை.

1992இல் 'அல்டிமா 7' அந்த வாயைத் திறந்தது. ஊர் ஆக்கள் காலையில் எழும்பி வேலைக்குப் போவார்கள், இரவில் படுப்பார்கள். கூட வருபவர்கள் பசிக்குது என்பார்கள், சாப்பாடு கொடுக்க வேண்டும். நீங்கள் களவெடுத்தால் ஏசுவார்கள், தொடர்ந்து எடுத்தால் விட்டுவிட்டுப் போவார்கள். கதை ஒரு கொலையோடு தொடங்கும். செத்தவர் ஒரு கொல்லர். அவருடைய மகன் ஸ்பார்க், சின்னப் பெடியன், உங்களோடு வரலாம். உங்களுக்கு அது ஒரு குவெஸ்ட், அவனுக்கு அது அப்பா. மேசையை விட்டு வந்த கூட்டாளி கொஞ்சம் திரும்பி வந்தமாதிரி எனக்குப் படுவது இந்த இடத்தில்தான்.

1997இல் வந்த 'ஃபோல்அவுட்'டில் டொக்மீட் என்று ஒரு நாய். ஜங்டவுனில் சந்திக்கலாம். கதைக்காது, கேள்வி கேட்காது, பின்னால் வரும். அந்தக் கேமில் துணைகளுக்கு மூளை மட்டுமட்டு. வாசலில் நின்று வழியை மறிப்பார்கள், தள்ளவும் ஏலாது. தள்ளுகிற வசதி அடுத்த பாகத்தில்தான் வந்தது. கடைசியில் வரும் இராணுவத் தளத்தில் மின்வேலிகள் இருக்கும். டொக்மீட்டுக்கு அது விளங்காது. உங்களிடம் வரப் பார்த்து, அதற்குள் ஓடிப் போய்ச் சாகும். எத்தனையோ பேர் அந்த நாய்க்காகத் திரும்பத் திரும்பப் பழைய சேவ் ஃபைலைத் திறந்திருக்கிறார்கள். புரோகிராமின் குறை ஒன்று துக்கமாக மாறிய கதை அது.

அடுத்த வருசம் பயோவெயாரின் 'பால்டர்ஸ் கேட்' வந்தது. முழு ஓப்பன் வேர்ல்ட் என்று சொல்ல முடியாவிட்டாலும், துணைகளைப் பொறுத்தவரை அதைத் தாண்டிப் போக முடியாது. காலிட்டும் ஜஹெய்ராவும் புருசன் பெண்சாதி. ஒருவரை அனுப்பினால் மற்றவரும் போவார். உங்கள் பெயர் கெட்டால் நல்லவர்கள் விலகுவார்கள், பெயர் கூடிப்போனால் கெட்டவர்கள் விலகுவார்கள். 2000இல் வந்த இரண்டாம் பாகத்தில் துணைகளில் பலருக்கு அவரவர் பிரச்சினையே ஒரு தனிக் குவெஸ்ட். கவனிக்காமல் இழுத்தடித்தால் சிலர் போய்விடுவார்கள்.

இப்போது திரும்ப லிடியாவிடம் வருவோம்.

ஸ்கைரிமைச் செய்த பெதெஸ்டாவின் பாதை வேறு. அவர்களுக்கு முதலில் நிலம், பிறகுதான் ஆக்கள். 2002இன் 'மொரோவிண்ட்'டில் நீங்கள் போக வேண்டிய இடத்தைக் காட்ட அம்புக்குறி இல்லை. ஆற்றைக் கடந்து, பாறைக்குப் பக்கத்தால் திரும்பு என்று யாரோ சொல்வதைக் கேட்டு, குறித்து, வழி பிழைத்துப் போய்ச் சேர வேண்டும். நிரந்தரத் துணைகள் அதில் இல்லை. ஆனாலும் வழி சொல்கிற ஆள் தேவைப்பட்டது. 2006இன் 'ஒப்லிவியன்' திரையின் கீழே ஒரு திசைகாட்டியை வைத்து, அதில் குறியையும் போட்டது. லேசாகிவிட்டது, நானும் அந்தக் குறியை நம்பித்தான் விளையாடுகிறேன். ஆனால் அதற்குப் பிறகு யார் என்ன சொன்னாலும் காது கொடுக்கத் தேவையில்லை. கண் திசைகாட்டியில், கால் தன்பாட்டில் போகும்.

2011இன் ஸ்கைரிம் இன்னும் ஒரு படி போனது. கேமே தானாக வேலைகளை உருவாக்கித் தரும். அந்தக் குகைக்குப் போ, அங்கே உள்ள தலைவனைக் கொல், திரும்பி வந்து காசை வாங்கு. முடிவே இல்லை. இப்படி யாரும் உட்கார்ந்து எழுதாத ஒரு வேலையைப் பற்றி லிடியாவால் என்ன அபிப்பிராயம் சொல்ல முடியும்? வழி அம்புக்குறிக்குத் தெரியும், காரணம் யாருக்கும் தெரியாது. அவளுக்கு மிஞ்சியது சாமான் சுமக்கிற வேலைதான். துணை எப்படி அமைகிறது என்பதும் குவெஸ்ட் எப்படி அமைகிறது என்பதும் இரண்டு விசயம் இல்லை என்று நான் சொல்வது இதனால்தான். குவெஸ்ட்டில் யோசிக்க ஒன்றும் இல்லாவிட்டால் துணை நடக்கிற பையாகத்தான் இருக்கும்.

பெதெஸ்டாவே வெளியிட்டு, ஒப்சிடியன் ஏறத்தாழ ஒன்றரை வருசத்தில் செய்து முடித்த கேம் 'ஃபோல்அவுட்: நியூ வேகஸ்', 2010. அதிலும் அம்புக்குறி இருக்கிறது. இருந்தும் அங்கேதான் நான் பூனைச் சந்தித்தேன். (இனி வருவதில் கதை வெளிப்படும். விளையாட நினைப்பவர்கள் அடுத்த பந்தியைத் தாண்டிப் போங்கள்.)

நோவாக் என்ற சின்ன ஊரில் பெரிய டைனோசர் சிலை ஒன்று நிற்கும். இரவில் அதன் வாய்க்குள் இருந்து ஊரைக் காவல் காக்கிற ஸ்னைப்பர்தான் பூன். அவனுடைய மனைவியை யாரோ அடிமை வியாபாரம் செய்யும் லீஜனுக்கு விற்றுவிட்டார்கள். யார் என்று கண்டுபிடித்து, அந்த ஆளை இரவில் சிலைக்கு முன்னால் கூட்டி வந்து, அவன் தந்த தொப்பியைப் போட வேண்டும். அதுதான் சைகை. ஆதாரம் இல்லாமல் ஒரு அப்பாவியைக் கூட்டி வந்தாலும் அவன் சுடுவான். துப்பாக்கி அவனுடையது, பொறுப்பு உங்களுடையது. அதற்குப் பிறகுதான் கூட வருவான். நிறையக் கதைக்கமாட்டான். நீங்கள் செய்வதைப் பார்த்துப் பார்த்து நம்பிக்கை வந்தால்தான் பிட்டர் ஸ்பிரிங்ஸ் பற்றிச் சொல்வான். தப்பியோடிய பெண்கள், பிள்ளைகள், வயது போனவர்கள் மீது அவனுடைய படை சுட்ட இடம் அது. கட்டளை பிழையாக விளங்கப்பட்டது. அவனும் சுட்டான். அந்த இடத்தில் நான் கேமை நிப்பாட்டிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன்.

நியூ வேகஸில் ஒரே நேரத்தில் மனிதத் துணை ஒருவரைத்தான் கூட்டிப் போகலாம், அதோடு ரோபோவோ நாயோ ஒன்று. யாரைக் கூட்டிப் போகிறீர்கள் என்பதே ஒரு தெரிவு. பூன் பக்கத்தில் நிற்கும்போது லீஜன்காரனிடம் கதைக்கவே ஒருமாதிரி இருக்கும். எனக்கு ஆசை விடவில்லை. அந்தப் பக்கம் என்ன இருக்கிறது, என்ன ஆயுதம் தருவார்கள் என்று பார்க்க அவர்களுக்கு வேலை செய்து கொடுத்தேன். அவர்களிடம் எனக்கு நல்ல பெயர் வந்தது. பூன் போய்விட்டான்.

இங்கே ஒருவர் கேட்கலாம், "இதெல்லாம் உள்ளே ஒரு நம்பர்தானே?" ஓம், நம்பர்தான். பூனின் நம்பிக்கையும் உள்ளே ஒரு கணக்குத்தான். ஆனால் நியூ வேகஸ் அந்தக் கணக்கை ஒளித்து வைத்தது. 2015இல் வந்த 'ஃபோல்அவுட் 4' திரையின் மூலையில் எழுதிக் காட்டியது, நீங்கள் செய்தது இவருக்குப் பிடித்தது, இவருக்குப் பிடிக்கவில்லை என்று. பூட்டுத் திறப்பது பிடிக்கும் ஒரு துணைக்கு முன்னால் ஆட்கள் தேடித் தேடிப் பூட்டுத் திறந்தார்கள். வங்கியில் காசு போடுகிறமாதிரி. பார்க்கப்படுகிறோம் என்ற உணர்வு போய், கணக்கு மட்டும் மிஞ்சியது.

"எங்கேயும் போகலாம், எதையும் செய்யலாம்" என்பதுதான் ஓப்பன் வேர்ல்ட் கேம்களின் விளம்பரம். நூறு மணித்தியாலம் விளையாடும் நிலப்பரப்பு எங்களைத் திருப்பிப் பார்ப்பதில்லை. மலைக்கு நாங்கள் யாரைக் கொன்றோம் என்று கவலை இல்லை. 1974இல் மேசையில் இருந்த கூட்டாளி செய்த வேலையை, "டேய், இது சரியில்லை" என்று சொல்வதை, நல்ல துணை மட்டும்தான் செய்ய முடியும். அதற்கு அவருக்குப் போகிற உரிமையும் இருக்க வேண்டும். லிடியாவால் என்னை விட்டுப் போக முடியாது. அதனால்தான் அவள் இருந்ததும் எனக்குத் தெரியவில்லை, இல்லாமல் போனதும் தெரியவில்லை.

பூன் போன இரவு பழைய சேவ் ஃபைல் என்னிடம் இருந்தது. திறந்திருந்தால் அவன் ஒன்றும் நடக்காதமாதிரித் திரும்ப வந்திருப்பான். அண்ணாவும் "திறவன், என்ன இப்ப?" என்றார். நான் திறக்கவில்லை. மிச்சக் கேமை ரோபோவோடு விளையாடி முடித்தேன். லீஜன் தந்த ஆயுதத்தைக் கடைசிவரை பாவிக்கவும் இல்லை.