அக்கி எழுதிய வரைபடம்

எங்கள் திருவண்ணாமலைப் பக்கம் விலாவில் கொப்புளம் கிளம்பினால், இன்றைக்கும் சிலர் முதலில் குயவர் வீட்டுக்குத்தான் போவார்கள். காவியைக் குழைத்து, கொப்புளம் ஓடும் தடத்தில் எழுதிவிடுவார். 'அக்கி எழுதுறது' என்பார்கள். அந்தத் தடத்தைக் கவனித்திருக்கிறீர்களா? முதுகுத்தண்டில் தொடங்கி, விலாவைச் சுற்றி வந்து, நெஞ்சின் நடுக்கோட்டில் நின்றுவிடும். மறுபக்கம் அநேகமாகத் தாண்டாது. ஏன்?

லண்டனில் ஹென்றி ஹெட் என்ற மருத்துவர் இதே தடங்களை நோயாளிகளின் உடம்பில் பார்த்துப் படமாக வரைந்துகொண்டிருந்தார். அக்கி வந்து, பிறகு இறந்துபோனவர்களின் உடல்களை அவரும் ஆல்ஃபிரட் கேம்பெலும் ஆராய்ந்து 1900-ல் வெளியிட்டார்கள். கொப்புளம் தோலில் இருந்தாலும், பாதிப்பு முதுகெலும்பை ஒட்டிய நரம்பு முடிச்சில் இருந்தது. ஒரு முடிச்சு, ஒரு நரம்பு வேர், தோலில் அதற்கென்று ஒரு பட்டை. (இப்போது அக்கிக்கு மருந்து உண்டு. 3 நாளுக்குள் தொடங்கினால் நல்லது.)

ஆனால் பட்டைகளுக்கு நடுவே வயல் வரப்பு மாதிரி எல்லை கிடையாது. பக்கத்து வேர்கள் ஒன்றின் இடத்தில் இன்னொன்று நுழைந்திருக்கும். ஜெர்மனியின் ஃபோர்ஸ்டர், அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களிடம் மிச்சமிருந்த உணர்ச்சியைச் சோதித்து 1933-ல் எழுதியது இன்னொரு வரைபடம். இரண்டும் முழுக்க ஒத்துப்போகாது. ஒரு வேர் மட்டும் கெட்டால் பஞ்சின் தொடுகை பெரிதாகக் குறையாமல் போகலாம். குத்தும் உணர்ச்சி குறைவது இன்னும் தெளிவாகத் தெரியும். டாக்டர் பஞ்சோடு ஊசிமுனையையும் எடுப்பது அதனால்தான்.

1934-ல் மிக்ஸ்டரும் பாரும், முதுகெலும்புத் தட்டு பிதுங்கி வேரை அழுத்துவதுதான் பலருடைய கால்வலிக்குக் காரணம் என்று காட்டிய பிறகு, இந்த வரைபடம் அன்றாடத் தேவையாயிற்று. பெருவிரலும் புறங்காலும் மரத்தால் இடுப்பின் ஐந்தாம் வேரைச் சந்தேகிக்கலாம். சுண்டுவிரலும் பாதத்தின் வெளி ஓரமும் என்றால் அதற்குக் கீழுள்ள வேர்.

எங்கள் ஊரில் 'கால் மரத்துப்போச்சு' என்ற ஒரே சொல்லுக்கு வேறு அர்த்தங்களும் உண்டு. சர்க்கரை நோய் என்றால் பெரும்பாலும் இரண்டு பாதமும், காலுறை போட்ட மாதிரி மரக்கும். தொழுநோய் என்றால் உணர்ச்சியற்ற தேமல், தடித்த நரம்பு. 1989 வரை நாங்கள் வட ஆற்காடு மாவட்டம்; தொழுநோயோடு நெடுங்காலம் வாழ்ந்த மண். 1946-ல் வேலூருக்கு வந்த பால் பிராண்ட், விரல்கள் தானாக அழுகி விழுவதில்லை, வலி தெரியாததால் காயப்பட்டுக் காயப்பட்டே தேய்கின்றன என்பதை இங்கேதான் கண்டுகொண்டார். பக்கத்தில் கரிகிரியில் 1955-ல் தொழுநோய் ஆராய்ச்சி நிலையம் வந்தது. 14 கிலோமீட்டர் கிரிவலத்தை வெறுங்காலோடு நடக்கும் ஊரில் இது சின்ன விஷயமில்லை. உணர்ச்சியில்லாத பாதத்துக்குக் கல் குத்தினாலும் தெரியாது.

ஒரு சிக்கலைச் சொல்கிறேன். பாதத்தை மேலே தூக்க முடியாமல் தொங்கிப்போவது ஐந்தாம் வேர் கெட்டாலும் நடக்கும். முழங்காலுக்குச் சற்றுக் கீழே வெளிப்பக்கம் ஓடும் நரம்பு தொழுநோயில் கெட்டாலும் நடக்கும். முதலாவதில் பாதத்தை உள்பக்கம் திருப்பும் பலமும் குறையும். இரண்டாவதில் அது பெரும்பாலும் தப்பிவிடும், தடித்த நரம்பு விரலுக்கு அகப்படலாம். தொட்டுப் பார்க்காமல் முதுகை மட்டும் ஸ்கேன் எடுத்தால் தவறிவிடும்.

என் அத்தைக்குக் கால்வலி வந்தபோது எடுத்த எடுப்பில் ஸ்கேன்தான். "தட்டு பிதுங்கியிருக்கு"ன்னு சொல்லிட்டாங்க. 1994-ல் அமெரிக்காவில் முதுகுவலியே இல்லாத 98 பேரை எம்ஆர்ஐ எடுத்ததில், 52 சதவீதத்தினருக்குத் தட்டு பிதுங்கியிருந்தது. படத்தில் இருப்பதெல்லாம் வலிக்குக் காரணமில்லை. மரத்த இடமும் பலம் குறைந்த தசையும் படத்தோடு ஒரே வேரில் பொருந்த வேண்டும். இன்னொரு டாக்டர் அத்தையைக் கண்ணை மூடச் சொல்லி, ஊசிமுனையால் விரல் விரலாகத் தொட்டார். "இங்க குத்துதும்மா? இங்கயும் அதே மாதிரிதானா?" அத்தை யோசித்து, "அங்க கொஞ்சம் மந்தமா இருக்கு சார்" என்றார். பெருவிரல். படமும் அதே வேரைத்தான் காட்டியது. கடைசியாக, உட்காரும் இடம் மரத்திருக்கிறதா, சிறுநீர் ஒழுங்காகப் போகிறதா என்று கேட்டார். அத்தை கூச்சத்தோடுதான் பதில் சொன்னார். அந்த இரண்டில் ஒன்று கெட்டிருந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். தண்டின் அடியில் வேர்கள் மொத்தமாக நசுங்குவதற்கான அடையாளம் அது. உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கூச்சப்படாமல் கேட்டுவையுங்கள்.