எரிந்த நூல்களும் எழுத்தாளர் உரிமையும்

1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. அதே நாட்களில் ஈழநாடு பத்திரிகை அலுவலகமும் எரிந்தது. பின்னர் வந்த இடப்பெயர்வுகளில் வீட்டு அலுமாரிகளில் இருந்தவையும் போயின. ஆகவே எங்களிடம் எஞ்சிய பல நூல்கள் ஒற்றைப் பிரதிகளாகவே உள்ளன. அவற்றை மின்வருடி இணையத்தில் ஏற்றிவிட்டால் இன்னொரு தீ அவற்றைத் தொட முடியாது. ஆனால் அதற்கு யாரிடம் அனுமதி கேட்பது?

இலங்கையில் இதைத் தீர்மானிப்பது 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம். எழுத்தாளர் வாழும் காலமும் அவர் மறைந்தபின் 70 ஆண்டுகளும் பதிப்புரிமை நீடிக்கும். 1947 இல் மறைந்த சுவாமி விபுலானந்தரின் எழுத்துகளை இன்று எவரும் வெளியிடலாம். 1982 இல் காலமான பேராசிரியர் கைலாசபதியின் எழுத்துகளுக்கோ 2052 வரை உரிமை உண்டு. சட்டங்களின் உத்தியோகபூர்வ வாசகங்கள், வெறும் தரவுகள், அன்றாடச் செய்திகள் ஆகியவற்றுக்குப் பதிப்புரிமையே இல்லை. போர்க்கால நிகழ்வுகளைத் தொகுப்பவர்கள் இதை அறிந்திருப்பது நல்லது. ஆனால் அந்தச் செய்தியை விரித்து ஒருவர் எழுதிய கட்டுரை அவருடையதுதான்.

இலாபநோக்கமற்ற நூலகம் ஒன்று தன்னிடமுள்ள நூலைப் பாதுகாக்க ஒரு பிரதி எடுக்கலாம். அதை உலகமே வாசிக்க இணையத்தில் வைக்க அந்த விதிவிலக்கு போதாது. அச்சகமும் இல்லை, எழுத்தாளரும் இல்லை, பிள்ளைகள் எந்த நாட்டில் என்றும் தெரியாது என்ற நிலையிலுள்ள நூல்களே எங்களிடம் ஏராளம். இத்தகைய உரிமையாளர் அறியப்படாத படைப்புகளுக்காக ஐரோப்பிய ஒன்றியம் 2012 இல் தனிப் பணிப்புரையே கொண்டுவந்தது. நேர்மையாகத் தேடியும் உரிமையாளர் கிடைக்காவிட்டால் நூலகங்கள் வெளியிடலாம், அவர் பின்னர் வந்தால் நிறுத்தக் கோரலாம். எங்கள் சட்டத்திலும் இப்படியொரு வழி வேண்டும் என்பேன். போரில் சிதறிய சமூகத்திடம் கையொப்பம் கொண்டுவா என்பது நடைமுறைக்கு ஒவ்வாதது.

அதற்காக எல்லாவற்றையும் அள்ளிப் போடுவதை நான் ஆதரிக்கவில்லை. இங்கே பலர் கைக்காசு போட்டுச் சில நூறு பிரதிகள் அச்சிட்டு, தாங்களே தோளில் சுமந்து விற்கிறார்கள். வெளியீட்டு விழா முடிந்த மறுவாரமே அந்த நூல் வட்ஸ்அப்பில் பிடிஎவ் ஆகச் சுற்றினால் அச்சுக்கூலியும் மிஞ்சாது. (அனுப்புபவர் அதைத் தமிழ்த்தொண்டு என்று நினைப்பதுதான் வேடிக்கை.) 2005 முதல் இயங்கும் ‘நூலகம்’ எண்ணிம நூலகம் எழுத்தாளர்களிடம் எழுத்தில் அனுமதி பெறும் வழக்கத்தைக் கொண்டுள்ளது. மெதுவான வழிதான், ஆனாலும் சரியான வழி.

எழுதுபவர்கள் செய்யக்கூடியது ஒன்றுண்டு. அடுத்த நூலின் பதிப்பு விபரப் பக்கத்தில், ‘இந்நூல் விற்பனையில் இல்லாதபோது இலாபநோக்கமின்றி இணையத்தில் வெளியிடலாம்’ என்று ஒரு வரி சேருங்கள். பழைய நூல்களுக்கு அதையே கடிதமாக எழுதித் திகதியிட்டு ஒப்பமிட்டு வையுங்கள். உங்களுக்குப் பின் உரிமை வாரிசுகளிடம் போகும். ஒருவர் கனடாவில், ஒருவர் பிரான்சில், ஒருவர் ஊரில் என்றிருந்தால் எல்லோரையும் தேடிப்பிடித்துச் சம்மதம் வாங்க வேண்டிவரும்.